நமக்குக் கேட்ட ஊசி

இவ்விதழில் பொங்கலைப் பற்றியும் பயணங்களைப் பற்றியும் நாம் எழுதியதுண்டு. நம் சொந்த இடுப்பைப் பற்றி எழுத நேரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. பிறர் நோய்க் கதையைக் கேட்பது யாருக்கும் இனிப்பதன்று. ஆயினும், ஊசி ஒன்றைப் பற்றி நாம் பெருமிதத்தோடு சொன்ன ஒரு சொல்லால் நம் குடும்பத்தில் மூத்தவர் ஒருவருக்கு நேர்ந்த தொல்லையை எண்ணும்போது, வாளாவிருத்தல் தகாது என்று தோன்றியது. வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

2024ஆம் ஆண்டுக் கோடையைப் பெங்களூரில் வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். முந்திய ஆண்டு மழை பொய்த்தது. நகரெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றின. மர்பி டவுனில் நாம் குடியிருக்கும் வீடு இரண்டாம் மாடியில் இருப்பது. தண்ணீர் லாரி ஒருநாள் வரும். மூன்று நாள் வராது. மார்ச்சுத் திங்கள் நடுவில் ஒரு காலைப்பொழுது, கடையிலிருந்து வாங்கிய 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினோம். 22 வயதில் போளூர்ப் பக்கத்திலிருந்து இந்நகருக்கு வந்து, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் நின்று, இரும்புத் துண்டங்களைத் தூக்கித் தூக்கிப் பழகிய உடம்பு இது. 20 கிலோ ஒரு சுமையா என்ற எண்ணம். வாயிற்படியில் குனிந்து கேனை இறக்கினோம். இடுப்பில் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது. அன்று மாலைக்குள் இடது பிட்டத்தில் தொடங்கிய வலி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, சுண்டுவிரல் வரையில் மின்சாரம்போல் ஓடியது. இருமினால் ஓடும், தும்மினால் ஓடும், உட்கார்ந்தால் ஓயாது.

நம் மனைவியார் நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தார். தைலம் தேய்த்தார். ஊரிலிருந்து நம் அத்தை தொலைபேசியில் ஓர் உபாயம் சொன்னார்: கால் முன்னாக வந்து பிறந்தவர் எவரேனும் இடுப்பில் ஓர் உதை கொடுத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று. விசாரித்ததில், கீழ்வீட்டு இளைஞர் அவ்வாறு பிறந்தவரே என்று தெரியவந்தது. கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளை. "பெரியவரை எப்படி உதைப்பேன்?" என்று கூசி மறுத்துவிட்டார். நமக்கு இருந்த நோய் இன்னதென்று பின்னர் அறிந்தபோது, அவர் கூச்சத்திற்கு மனத்துள் நன்றி சொல்லிக்கொண்டோம்.

டாக்டர் நம்மை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை முழங்கால் மடங்காமல் தூக்கினார். ஒரு முழம் உயரம் எழுவதற்குள் அலறிவிட்டோம். "சயாட்டிகா" என்றார். எம்.ஆர்.ஐ. படமும் அதையே சொன்னது. முதுகெலும்பு மணிகளின் இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டை ஊரார் டிஸ்க் என்கிறார்கள். இடுப்பின் கடைசி மணிக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்பிற்கும் இடையில் இருந்த தட்டு பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பின் வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இந்நோய்க்கு வரலாறு உண்டு. காலில் ஓடும் இவ்வலி நரம்பிலிருந்து எழுவது என்று நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கொத்துன்யோ 1764ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். நரம்பை அழுத்துவது பிதுங்கிய தட்டே என்று பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் 1934ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். நம் கோயம்புத்தூர்க் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரனும் அவர் குழுவினரும் இத்தட்டைப் பற்றிச் செய்த ஆய்வுகள் உலகப் பரிசு பெற்றவை. வளர்ந்தவர்களின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து சத்து கசிந்து உள்ளே பரவுகிறது. அப்பரவலைத் தொடர்ந்து எடுத்த படங்களால் காட்டியது 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்கள் ஆய்வு. தட்டின் உறை கிழிவதைவிட, தட்டும் எலும்பும் ஒட்டியிருக்கும் விளிம்பு பெயர்வதே பிதுக்கத்திற்குப் பெரும்பான்மையான காரணம் என்பது 2013ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. தண்ணீர்க் கேன் அன்று நம்மிடம் பெயர்த்தது அவ்விளிம்பைத்தானோ என்னவோ.

வலிக்குக் காரணம் அழுத்தம் மட்டுமன்று என்றும் டாக்டர் விளக்கினார். தட்டின் நடுவிலுள்ள கூழ் நரம்பின்மேல் பட்டால் நரம்பு புண்பட்டதுபோல் வீங்கிச் சிவக்கும். அவ்வழற்சி அடங்கினால், பிதுக்கம் அப்படியே இருந்தாலும் வலி குறையும். பிதுங்கியதையும் பெரும்பாலும் உடம்பே சில திங்களில் கரைத்துச் சுருக்கிக்கொள்ளும். "மாத்திரை தருகிறேன். படுத்தே கிடக்காதீர்கள்; முடிந்த அளவு நடங்கள். ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரையில் பொறுங்கள், பத்தில் பலருக்குத் தானே தணிந்துவிடும்" என்றார். போகும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். அதை நாமும் அழுத்தியே எழுதுகிறோம்: சிறுநீர் கழிக்க இயலாமற் போனாலோ, தன்னை அறியாமல் கழிந்தாலோ, இருக்கையில் படும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிவிட்டாலோ, மறுநாள் பார்ப்போம் என்று இராமல் அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அப்போது ஊசியும் தைலமும் பேசிக்கொண்டிருக்கும் நேரமன்று.

பொறுக்கச் சொன்னார், பொறுத்திருப்போம். ஆனால் வைகாசி இறுதியில் நம் மகளுக்குத் திருவண்ணாமலையில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஒரே மகள். ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம் செய்ய வேண்டும். மணையில் அமர்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். ஏப்பிரல் முடியும்போது நம்மால் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார முடியவில்லை; இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெண்ணைப் பெற்றவன் படுக்கையில் கிடக்க, அவன் தம்பி நின்று கன்னிகாதானம் செய்தான் என்று ஊர் சொல்லுமே என்ற கவலை வலியைவிடப் பெரிதாயிற்று.

அப்போதுதான் முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தது. "இது தட்டைச் சரிசெய்யாது. நரம்பின் அழற்சியைத் தணிக்கும். கேட்டால் சில வாரம், சில திங்கள் வலி குறையும். அந்த அவகாசத்தில் நீங்கள் நடக்கலாம்; மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும். கேட்காமலும் போகலாம்." டாக்டர் சொன்னது இவ்வளவும். நம் காதில் விழுந்தது "வலி குறையும்" என்பது மட்டுமே.

இவ்வூசி புதிதன்று. 1901ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் சிக்கார், கத்தலீன் என்ற இருவர், ஒருவரைச் சாராமல் ஒருவர், முதுகின் அடிவாலில் உள்ள சிறு துளை வழியே உணர்வு மறக்கச் செய்யும் மருந்தைச் செலுத்தினர். கார்ட்டிசோன் பின்னர் வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948ஆம் ஆண்டு, மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு டாக்டர் பிலிப் ஹெஞ்ச் அதனைக் கொடுத்தபோது, அவர் சில நாளில் எழுந்து நடந்தது உலகையே வியக்கவைத்தது. இரண்டே ஆண்டில், 1950இல், ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1952, 1953ஆம் ஆண்டுகளிலேயே இத்தாலியிலும் பிரான்சிலும் அம்மருந்தின் இனத்தைச் சயாட்டிகாவுக்காக முதுகில் செலுத்திப் பார்த்துவிட்டனர். ஆக, நம்மைவிட மூத்த சிகிச்சை இது.

மே முதல் வாரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தனர். இருபத்திரண்டாயிரம் ரூபாய். காலையில் செவிலிப்பெண் வந்து கன்னடத்தில், "ஷுகர் இதியா?" என்று கேட்டார். பத்தாண்டாக நீரிழிவு உடைய நாம், "ஸ்வல்ப" என்றோம். சிறிதளவு என்று பொருள். நோயைக் குறைத்துச் சொல்வதில் நம்மவர்க்கு ஒரு நாணம் உண்டல்லவா! அவர் விரலில் குத்திப் பார்த்து, 138 என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பின்னர் ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்கத் தாள் வந்தது. மகள் முதற்பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். அதற்குள் உள்ளே அழைத்தார்கள். "அப்பா, கையெழுத்துப் போடுங்கள், நேரமாகிறது" என்றாள். இட்டோம்.

வயிற்றின் கீழ்த் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தனர். எக்ஸ்-ரே கருவி ஒன்று வில்போல் நம்மைச் சூழ்ந்து நின்றது. தோலை மரக்கச் செய்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கினர். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே இருக்கும் இடைவெளிதான் இலக்கு. ஊசிமுனை சரியான இடத்தில் இருக்கிறதா, இரத்தக் குழாயில் புகுந்துவிடவில்லையா என்று அறிய முதலில் சாயம் ஒன்று செலுத்தினர். பிறகு மருந்து. அது இறங்கும்போது நம் பழைய வலி அதே பாதையில் சுண்டுவிரல் வரை ஓடியது. "அதே இடம்தானா?" என்றார் டாக்டர். "அதேதான்" என்றோம். "நல்லது" என்றார்! இருபது நிமிடத்தில் முடிந்தது. இரண்டு மணி நேரம் படுத்திருந்து, ஆட்டோவில் வீடு வந்தோம். பெங்களூர்ச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையும் நம்மை நலம் விசாரித்தது.

மறுநாள் நம் முகம் செக்கச் சிவந்திருந்தது. மனைவியார் அதைக் கல்யாணக் களை என்று எண்ணி மகிழ்ந்தார். இரவு முழுதும் உறக்கமில்லை, நா வறண்டது, மணிக்கொரு முறை எழுந்தோம். வீட்டிலிருந்த கருவியில் மகள் பார்த்தாள்: 342. மூன்றாம் நாள் 260. நம் சர்க்கரை மருத்துவரிடம் ஓடி, மருந்தின் அளவைக் கூட்டி, பத்து நாளில் பழைய நிலைக்கு வந்தோம். "ஒருவரும் சொல்லவில்லையே!" என்று நாம் கோபித்துக்கொண்டபோது, மகள் அந்தத் தாளை எடுத்து இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். நீரிழிவு உடையவர்க்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. கீழே நம் கையொப்பம், தேதியுடன்.

அதே பக்கத்தில் இன்னும் சில இருந்தன. தொற்று, இரத்தக் கசிவு, மிக அரிதாகப் பக்கவாதம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் இருந்தது. இவை வெறும் சடங்குச் சொற்கள் அல்ல. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு மருந்துக் கலப்பு நிலையத்திலிருந்து சென்ற ஸ்டீராய்டுக் குப்பிகளில் பூஞ்சை கலந்திருந்தது. 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2014 ஏப்பிரலில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு வாரியம், இவ்வகை ஊசியால் அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், உடல் செயலிழப்பு, மரணம் ஆகியன நேர்ந்துள்ளன என்று எச்சரித்தது. முதுகில் செலுத்துவதற்கென இம்மருந்துகளைத் தான் அங்கீகரிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னது. கரையாத துகள்களைக் கொண்ட மருந்து, தண்டுவடத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் தவறிப் புகுந்தால் அடைத்துக்கொள்ளும்; டெக்சாமெத்தசோன்போலக் கரையும் மருந்தில் அவ்வச்சம் குறைவு. நமக்குப் போட்டது அக்கரையும் வகையே என்று பின்னர் அறிந்து பெருமூச்சு விட்டோம். கேட்டுத் தெரிந்துகொண்டு படுத்திருக்க வேண்டும். படுத்து எழுந்து தெரிந்துகொண்டோம்.

நிற்க. ஊசி கேட்டது. நான்காம் நாள் காலையில் செருப்பைக் குனிந்து மாட்டினோம். இரண்டாம் வாரம் அல்சூர் ஏரிக்கரைக்கு நடந்தோம். 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை வரையில் சென்று, அதன் எதிரே சற்று நின்று, திரும்பி நடந்தே வீடு சேர்ந்தோம். திருமணத்தில் மணையில் அமரவேண்டாம், சிறு முக்காலி போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சம்பந்தி வீட்டார் சிலர் முணுமுணுத்தனர். முணுமுணுக்கட்டும். மகளின் கையை மருமகன் கையில் வைத்துத் தாரை வார்த்தபோது நம் கால் நினைவே நமக்கில்லை.

அந்த மகிழ்ச்சியில்தான் பிழை நேர்ந்தது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களிடமெல்லாம் நம் ஊசியின் மகிமையைச் சொன்னோம். "ஒரே ஊசி! நாலே நாள்!" சாம்பார் ஊற்றுகிறவரும் நின்று கேட்டார். அப்பந்தியில் நம் அண்ணியார் இருந்தார்.

அண்ணியார்க்கு அப்போது 71 வயது. கோலார் தங்கவயலில் குடும்பம் நடத்தியவர். நம் அண்ணா அங்கே சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டபின் சில ஆண்டுகளில் காலமானார். நாம் பெங்களூருக்கு முதன்முதல் வந்தபோது, வேலை கிடைக்கும் வரையில் ஆறு திங்கள் நமக்குச் சோறு போட்டவர் இந்த அண்ணியார். அவருக்கும் இடுப்பு வலி; இரண்டு காலிலும் வலி. "தம்பி, எனக்கும் அந்த ஊசியே போட்டுவிடுங்கள். உங்களுக்குக் கேட்டது எனக்குக் கேட்காதா?" என்றார். "ஏன் கேட்காது அண்ணி? நானே அழைத்துப் போகிறேன்" என்று வாக்குக் கொடுத்தோம்.

அழைத்தும் போனோம். சூலையில் முதல் ஊசி. ஒரு வாரம் சற்று இலேசாக இருப்பதாகச் சொன்னார். பிறகு பழைய கதை. இரண்டாவதில் பிடித்துக்கொள்ளும் என்றார்கள்; செப்டம்பரில் இரண்டாவது. மூன்று போட்டால்தான் முழுப்பலன் என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ நாமேதான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். நவம்பரில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் தங்கவயலிலிருந்து இரயிலேறி வருவார்; நம் வீட்டில் இரண்டு நாள் தங்குவார்; பணத்தைத் தாமே கட்டுவார். "நான் கட்டுகிறேன்" என்றால், "மகள் கல்யாணம் முடித்த கை" என்று தடுத்துவிடுவார்.

இதற்கிடையே ஆகஸ்டில் நமக்கே வலி திரும்பிற்று. முன்போலில்லை, பாதியளவு. நடந்துகொண்டே இருந்தோம். கார்த்திகைக்குள் அதுவும் மறைந்தது. இப்போது நேர்மையாக ஒரு கேள்வி: நம்மைக் குணப்படுத்தியது ஊசியா, காலமா? ஊசி போட்டிராவிட்டாலும் கார்த்திகையில் நாம் இதே நிலையில் இருந்திருக்கலாம். ஊசி வாங்கித் தந்தது அந்தப் பத்து வாரம். நம்மைப் பொறுத்தவரை அப்பத்து வாரத்திற்குள் ஒரு திருமணம் இருந்தது. ஆதலின் கொடுத்த விலைக்கு நாம் வருந்தவில்லை. ஆனால் பந்தியில் நாம் சொன்னது இதுவன்று.

மூன்றாம் ஊசியும் பொய்த்தபின், அண்ணியாரை அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினோம். அங்கிருந்த இளம் டாக்டர், படத்தைப் பார்க்குமுன் மூன்று கேள்வி கேட்டார். தமிழிலேயே கேட்டார், சேலத்துப் பெண். "பாட்டி, நடந்தால் வலிக்கிறதா, உட்கார்ந்தால் வலிக்கிறதா?" "நடந்தால்தான் அம்மா. உட்கார்ந்தால் சுகம்." "எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?" "தெருமுனை வரைக்கும். அப்புறம் கால் மரத்துப்போகும்." "குனிந்து தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால்?" அண்ணியார் வியந்து, "அப்போது வலியே இல்லை! உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நமக்கு உட்கார்ந்தால் வலி, நடந்தால் தணியும். அவருக்கு நடந்தால் வலி; உட்கார்ந்தால் தணியும். ஒரே இடுப்பு வலி என்று நாம் எண்ணியவை இரண்டு நோய்கள். அவருக்கு இருந்தது வயதினால் தண்டுவடக் குழாய் குறுகிப்போதல். எலும்பும் தசைநாரும் தடித்து நரம்புகளை நாற்புறமும் நெருக்குவது. முன்னே குனியும்போது அக்குழாய் சிறிது விரியும், அதனால் சுகம். அழற்சியைத் தணிக்கும் மருந்து, தடித்த எலும்பை என்ன செய்யும்?

அன்றிரவு மகளும் மருமகனும் ஆங்கில ஏடுகளைத் தேடிப் படித்துச் சொன்னார்கள். குழாய் குறுகிய 400 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2014ஆம் ஆண்டில் வெளிவந்திருக்கிறது. பாதிப் பேருக்கு மரக்கும் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டனர். பாதிப் பேருக்கு மரக்கும் மருந்து மட்டும். ஆறு வாரம் கழித்து இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. இங்கிலாந்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, புதிதாக வந்த கடுமையான சயாட்டிகாவுக்கு இவ்வூசியை எண்ணிப் பார்க்கலாம் என்கிறது. காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு முதுகில் ஊசி வேண்டாம் என்கிறது. அண்ணியாரின் நிலைமைக்கும் வேண்டாம் என்கிறது. சயாட்டிகாவிலும்கூட, 25 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, நூற்றில் அளந்தால் கால்வலி ஏறத்தாழ ஐந்து புள்ளிதான் கூடுதலாகக் குறைகிறது, அதுவும் சில வாரங்களுக்கே. சராசரிக் கணக்கு அது. நம்மைப்போல் அதிகம் பெற்றவரும் உண்டு, ஒன்றும் பெறாதவரும் உண்டு. 2025ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குழு, மூன்று திங்களுக்கு மேற்பட்ட முதுகு வலிக்கு இவ்வூசிகள் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. வலி மருத்துவச் சங்கங்கள் அதை மறுத்து எழுதின. வழக்கு இன்னும் முடியவில்லை.

அண்ணியாரின் எலும்பையும் அந்த டாக்டர் சோதிக்கச் சொன்னார். தேய்ந்திருந்தது. முதுமையே பெருங்காரணம், ஆனால் எலும்பு மெலிந்த மூதாட்டிக்கு அடுத்தடுத்து ஸ்டீராய்டு கொடுப்பது நல்லதன்று என்றார். நாம் தலை குனிந்து நின்றோம்.

இன்னும் ஒன்று இருந்தது. பொங்கலுக்கு அண்ணியார் வந்தபோது, அவர் இடக்கையில் வளையல் ஒன்று குறைவதை நம் மனைவியார் பார்த்தார். அண்ணா தங்கவயலில் முதல் போனஸ் வாங்கியபோது செய்து போட்ட வளையல். மூன்றாம் ஊசிக்குப் போயிருந்தது. கேட்டதற்கு, "அது கைக்குத் தளர்ந்துவிட்டது" என்றார்.

அன்று மாலை அவர் எதிரில் உட்கார்ந்து, "அண்ணி, என் பேச்சைக் கேட்டுத்தானே இப்படி ஆயிற்று" என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னீர்கள் தம்பி. எனக்குத் தெரியாததை நானும் கேட்கவில்லை. அந்தச் சேலத்துப் பெண் கேட்டாளே, அதை யாராவது முதலிலேயே கேட்டிருக்கலாம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அதனாலேயே அது இன்றுவரை தைக்கிறது.

அறுவை செய்து குழாயை அகலப்படுத்தலாம்; பலருக்குப் பயன்பட்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணியார் இன்னும் முடிவு செய்யவில்லை. இம்முறை நாம் வாய் திறப்பதில்லை. மகள்தான் தாள்களை இரண்டு பக்கமும் படித்து, தமிழில் எழுதி, அவர் கையில் கொடுத்திருக்கிறாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்துவருகிறார். இதுவரை ஒன்பது.

இதற்கிடையில் சக்கரம் வைத்த கைப்பிடி வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். நம் வீட்டில் தங்கும்போதெல்லாம் காலையில் இருவரும் அல்சூர் ஏரிக்கரைக்குப் போகிறோம். அவர் சற்றே குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். நூறடிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். நமக்கோ உட்கார்ந்தால் கால் முணுமுணுக்கும். ஆகவே அவர் பெஞ்சில் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம், நாம் அவர் முன்னே அங்குமிங்குமாக நடந்துகொண்டிருக்கிறோம். பார்க்கிறவர்கள், ஏதோ வழக்கு விசாரணை நடப்பதாக எண்ணக்கூடும்.